கோர்ட்டுப் படமும் ராஜம்மா ஓரமும்

போன வாரம் திருப்பதியில் என் மகள் வீட்டில் ஒரு கோர்ட்டுப் படம் பார்த்தோம். டிவியில்தான். ஒரு மந்திரி, அவருக்குப் பின்னால் ஒரு பணக்காரர், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கொலையை ஓர் அப்பாவியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவனுக்காக வாதாட ஓர் இளம் வக்கீல். என்ன பாஷைப் படமோ தெரியாது, கீழே எழுத்து ஓடியது. நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கிறது. பாதிக் கதையை ஊகத்தில்தான் ஓட்டினேன். கடைசியில் நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பைப் படிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. திரையின் நடுவில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. நெட் போய்விட்டதாம்.

மாப்பிள்ளை எழுந்துபோய், சின்ன விளக்கு மினுங்கும் நெட் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பேத்தி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, மந்திரியின் மச்சான்தான் கொலை செய்திருப்பான் என்றாள். மகள் இல்லை, டிரைவர் என்றாள். மாப்பிள்ளை பெட்டியைத் தட்டிக்கொண்டே, இரண்டு பேருக்கும் மூளை இல்லை என்றார். ஒரு நிமிடத்தில் வீடு கோர்ட்டாகிவிட்டது. எனக்கு மட்டும் மூக்கில் கரி நெடி ஏறியது. சமையலறையில் ஒன்றும் தீயவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த நெடி உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழைய சினிமா மெஷினில் பல்பு கிடையாது. பென்சில் மாதிரி இரண்டு கரிக்குச்சிகளை எதிரெதிரே வைத்து மின்சாரம் விடுவார்கள். நடுவில் கண் கூசும்படி வெளிச்சம் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில்தான் ராஜா ராணி எல்லாரும் பிழைத்தார்கள். எங்கள் ஊர் டூரிங் கொட்டாயில் மெஷின் ஒன்றே ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்ததும் கரியை அணைத்து, ரீலைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, மறுபடி பற்றவைப்பார்கள். அந்த இருட்டில் கரி நெடி மெதுவாக இறங்கி மணல் தரைவரை வந்து உட்காரும். வேர்க்கடலைக்காரன் உள்ளே நுழைவான். ஜனங்கள் படத்தைப் பற்றிச் சண்டை போட ஆரம்பிப்பார்கள்.

காதல் படத்துக்கும் புராணப் படத்துக்கும் இந்தச் சண்டை சீக்கிரம் அடங்கிவிடும். கோர்ட்டுப் படம் வந்தால் அடங்காது. சாட்சி பொய் சொல்கிறானா, திவான் எதற்காகச் சிரித்தான், அந்தக் கத்தி யாருடையது என்று மணலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வக்கீல் ஆகிவிடுவார்கள். ஒருமுறை ரீல் மாற்றுகிற நேரத்தில் இரண்டு பேர் கைகலந்து, ஒருவர் சட்டை கிழிந்து, மறுபடி படம் ஓட ஆரம்பித்ததும் இருவரும் அருகருகே உட்கார்ந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் ஜில்லா அதோடு போயிருந்த சமயம். போனது போனதாகவும் இல்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். காலையில் டீக்கடையில் உட்காரும்போது ஆந்திராவில் இருப்போம், மத்தியானம் பேப்பர் வந்தால் மெட்ராஸுக்குப் போய்விடுவோம், சாயங்காலம் பஸ்ஸில் யாராவது வந்து இறங்கி மறுபடி இங்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சுவரில் தமிழ் எழுத்து இருந்தால் ஒரு கூட்டம் தார் பூசும், தெலுங்கு எழுத்து இருந்தால் இன்னொரு கூட்டம் பூசும். ரோடு போடத் தார் இல்லாமல் போனதே இதனால்தான் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். சிரித்தோமே தவிர, பயமும் இருந்தது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாகப் பேசி வளர்ந்தவர்களிடம் திடீரென்று நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வது?

நான் அப்போது புதிதாக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நகல் எடுக்கும் குமாஸ்தா. புதிய மாஜிஸ்ட்ரேட் கிருஷ்ணா ஜில்லாவிலிருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் வரும். எனக்கு இரண்டும் வரும் என்று தெரிந்ததும் நகல் மேஜையிலிருந்து எழுப்பி, கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாட்சி இருமினால் அதையும் தெலுங்கில் இருமிக் காட்டவேண்டுமோ என்று யோசிக்கிற அளவுக்கு ஒழுங்கு. அந்த வயதில் அது ஒரு வியாதி.

எனக்கு நேர் எதிராக எங்கள் ஊரில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ராஜம்மா. சூளூர்பேட்டைப் பக்கம் பிறந்த தெலுங்குப் பெண். எங்கள் ஊர் நெசவுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பகலில் தறிக்குத் தார் சுற்றுவார், அதாவது ஊடைநூலைக் குச்சியில் சுற்றுவார். சாயங்காலம் கொட்டாய்க்கு வருவார். அவரிடம் மட்டும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். காரணம் உண்டு. தெலுங்குப் படம் போட்டால் தமிழ்ப் பெண்கள் வரமாட்டார்கள். ராஜம்மா வருகிறார் என்றால் வருவார்கள். பெண்கள் பக்கம் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, திரையில் தெலுங்கில் பேசப் பேச இவர் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். வசனத்தைச் சொல்வதோடு நிற்கமாட்டார். வில்லன் வந்தால் திட்டுவார். கதாநாயகி அழுதால், "அழு கண்ணு, நல்லா அழுதுக்கோ, அப்பால பாத்துக்கலாம்" என்பார். படத்தில் இல்லாத அத்தை மாமன் உறவெல்லாம் அவர் வாயில் உண்டாகும்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டிதான். ராஜம்மா குரலுக்கு அது ஒரு தடையா? தெலுங்கு புரியாத ஆண்கள் தட்டியை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுப்பார்கள். அந்த இடத்துக்கு ராஜம்மா ஓரம் என்றே பெயர். சந்தைத் தெலுங்கு தெரிந்தவர்கள்கூட கோர்ட்டுப் படம் என்றால் அங்கேதான் போவார்கள். கத்திரிக்காய் பேரம் பேசுகிற தெலுங்கை வைத்துக்கொண்டு திரையில் வக்கீல் பேசுகிற தெலுங்கைப் பிடிக்க முடியாது. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். எனக்குத்தான் இரண்டு பாஷையும் தெரியுமே! அந்த அம்மாள் இஷ்டத்துக்கு அளக்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

அப்படி ஒரு கோர்ட்டுப் படம் வந்தது. பெயர் மறந்துவிட்டது, நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஒரு சமஸ்தானம். திவான், ராஜாவின் தம்பியைக் கொன்றுவிட்டுப் பழியை நேர்மையான ஓர் இளம் அதிகாரிமேல் போடுகிறான். பொய்ச் சாட்சி, விலைபோன நீதிபதி. இடைவேளைக்குச் சற்று முன் அந்த அதிகாரியைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துக் கொட்டாயே அழும். பிற்பாதியில் அவனுடைய வக்கீல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, முடிவில் திவானைச் சபையில் நிறுத்துகிறான். தாடி வைத்த ஒரு சாமியார் வந்து கடைசிச் சாட்சி சொல்கிறார். செத்துப்போன ராஜா தம்பியின் குருநாதர் அவர். நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். இரண்டாம் நாளும் பார்க்கலாம் என்றிருந்தேன். சளிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம்தான் விஷயம் நடந்தது. ஊர் எல்லையில் புதிதாக ஒரு தெலுங்குப் பலகை நட்டிருந்தார்கள். மாலை பஸ் போகும்போது நன்றாக இருந்த பலகை, கொட்டாயில் பாதிப் படம் ஓடுகிற நேரத்தில் தாரில் குளித்திருந்தது. எல்லை விஷயமாகச் சித்தூரிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்த வாரம் அது. எங்கள் ஸ்டேஷன் ஏட்டு கோவிந்தசாமி அதற்குள் யாரையாவது பிடித்தாகவேண்டும். அவர் சத்தியவேட்டுத் தமிழர்தான். அதனாலேயே, வேண்டுமென்று விட்டுவிட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று கூடுதல் பயம். படம் விட்டு ஜனங்கள் வெளியே வரும்போது வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். ஏகாம்பரம் வந்தான். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. பிடித்துக்கொண்டார்.

ஏகாம்பரம் நெசவுக்காரன். கறுப்புக்கரை லுங்கிக்கு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அவன் கை வெளுத்து அவன் பெண்டாட்டிகூடப் பார்த்திருக்கமாட்டாள். இதை எங்கள் ஊரில் பால்குடிக்கிற குழந்தையும் சொல்லும். ஏட்டு அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

விசாரணை நாளில் கோர்ட்டு வராந்தாவில் நிற்க இடமில்லை. தறித்தெருவே வந்திருந்தது. ஏகாம்பரத்தின் பெண்டாட்டி இரண்டு பெண் குழந்தைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தண்டனை விழுந்தால் தறியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று தறி முதலாளி முன்பே சொல்லிவிட்டாராம். சின்னது கோர்ட்டு வாசலைப் பார்த்து, "நைனா எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போவதுபோல் அதைக் கடந்து உள்ளே போனேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வழக்கு நன்றாகப் போகவில்லை. கையில் இருக்கும் கறுப்பு சாயம்தான் என்று ஏகாம்பரத்தின் வக்கீல் சொன்னார். சாயக் கையில் தாரை ஒளித்துக்கொள்வது இன்னும் சௌகரியம் என்றார் போலீஸ் தரப்பில் வாதாடிய கோர்ட்டு இன்ஸ்பெக்டர். அவன் படம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இரண்டு நெசவுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். சொந்தத் தெருக்காரர்கள், வேறென்ன சொல்வார்கள் என்று அவர் தள்ளிவிட்டார். பலகைக்குத் தார் பூசிவிட்டு, கடைசி ரீலுக்கு உள்ளே நுழைந்து மற்றவர்களோடு வெளியே வந்தான் என்பது அவர் கட்சி. ஏட்டும் கூண்டில் ஏறி, கையைப் பார்த்தேன், பிடித்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கி, சுவரோரமாக நின்றுகொண்டார்.

அப்போதுதான் மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சினிமா சூஸ்தா உன்னானு அண்டுன்னாடு கதா? அயித்தே கத செப்பமனு" என்றார். படம் பார்த்தேன் என்கிறான் அல்லவா, கதையைச் சொல்லச் சொல் என்கிறார். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஏகாம்பரம் கதை சொல்லிவிட்டால் போதும், தப்பித்தான். கோர்ட்டு இன்ஸ்பெக்டரும் அந்தப் படத்தை நெல்லூரில் பார்த்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

ஏகாம்பரம் கைகூப்பியபடி ஆரம்பித்தான். திவான் கொலை செய்தது சரி. பொய்ச் சாட்சி சரி. நான் உற்சாகமாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். தூக்குமேடை வந்தது.

"அவன தூக்குல போடல சாமி," என்றான் ஏகாம்பரம். "ஜெயிலரு ரொம்ப நல்லவரு. வைக்கப்புல்லுல ஒரு பொம்ம செஞ்சி, அதுக்கு இவன் சொக்காயப் போட்டு, அதத்தான் தூக்குல மாட்டுனாரு. இவன பின்வாசல் வழியா அனுப்பிச்சிட்டாரு. அவன் பொண்டாட்டிக்குக் கூட தெரியாது, அவ அழுதுகினே கீறா பாவம்."

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

பொம்மையா? எந்தப் பொம்மை? நான் பார்த்த படத்தில் அவன் செத்தான், கொட்டாயே அழுதது. இவன் படத்தைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தமிழ் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. இரண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கில் போட்டார்கள் என்று நான் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு வார்த்தைதான். நைனா எப்ப வரும் என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வக்கீலுக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவரும் படம் பார்த்தவர். அவர் என்னையே பார்த்தார். மாத்தித்தான் சொல்லேன்டா என்று அந்தக் கண் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மாஜிஸ்ட்ரேட், "ஊம்?" என்றார். பயத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. வைக்கோல் பொம்மை, அதற்குச் சட்டை, நல்ல ஜெயிலர், பின்வாசல், அழுதுகொண்டிருந்த பெண்டாட்டி என்று ஒன்றுவிடாமல் தெலுங்கில் ஒப்பித்தேன். நேர்மையால் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம், அது இல்லை. பொய்யைக் கோவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏகாம்பரம் அதோடு நிற்கவில்லை. கடைசியில் வந்த சாமியார் வேறு யாருமில்லை, தப்பிப்போன அதே ஆள்தான், தாடி ஒட்டிக்கொண்டு வந்து திவானை மாட்டிவிட்டான் என்று முடித்தான். அதையும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் அபத்தம், அப்படி ஒரு காட்சியே படத்தில் இல்லை, இவன் கொட்டாய்க்குள் கால் வைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வராந்தாவிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அட, அதானே கதை?" என்றார் ஒருவர். "பொம்மையத்தான தொங்க உட்டாங்கோ, நானும் பாத்தேனே!" என்றார் இன்னொருவர். ராஜம்மா ஓரத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பொய் என்று மாஜிஸ்ட்ரேட் முகம் இறுகிவிட்டது. மேஜையைத் தட்டினார்.

அமைதியானதும் சுவரோரத்திலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. ஏட்டு கோவிந்தசாமி. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு விஷயம் சொல்ல அனுமதி வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். மாஜிஸ்ட்ரேட் கூண்டைக் காட்டினார். ஏறினார். பதற்றத்தில் அவருக்குத் தெலுங்கு மறந்துபோய்த் தமிழில் பேசினார், நான்தான் தெலுங்கில் சொன்னேன்.

"எஞ் சம்சாரம் மாசமா கீது தொர. அன்னிக்கி அதுவும் படத்துக்குப் போயிருந்திச்சி. நான் இவன லாக்கப்புல உட்டுட்டு ஊட்டுக்குப் போயி சோறு துன்னுக்கினு இருக்கேன், அது கதை சொல்லுது. இதே கதை. இதே வைக்கப்புல்லு பொம்ம. இதே சாமியாரு. ஸ்டேஷன்ல பசங்க வேற மாதிரி சொன்னாங்களே, அது பாதிப் படத்துல தூங்கி கனா கண்டிருக்கும்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வந்தார். ஏட்டு நிறுத்தவில்லை. எங்கே நிறுத்தினால் மறுபடி தைரியம் வராதோ என்பதுபோல் பேசினார்.

"இவன வாசல்லியே நான் புடிச்சேன், அன்னிலேர்ந்து உள்ளதான் கீறான், தெருக்காரங்க ஒருத்தரும் கிட்ட போவல. எஞ் சம்சாரத்த இவன் பாத்ததே கெடையாது. ரெண்டு பேரும் ஒரே கனாவ கண்டிருக்க முடியாது தொர. இவன் உள்ளதான் இருந்திருக்கான்."

வக்கீல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருந்தால் உள்ள கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டோமா, எந்த முட்டாளாவது இல்லாத கதையைச் சொல்லிக் கொடுப்பானா என்று அவர் கேட்ட கேள்வி, அதுவரை நான் சினிமாவில்கூடக் கேட்காதது. மாஜிஸ்ட்ரேட் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. யார் இந்தக் கதையைச் சொன்னது என்று கேட்டார். வராந்தா முழுவதும் ஒரே குரலில், "ராஜம்மா!" என்றது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஏகாம்பரம் அன்று மத்தியானமே வெளியே வந்தான். பெரியவள் ஓடிவந்து அவன் கறுப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னது வெட்கப்பட்டு அம்மா முந்தானைக்குள் போய்விட்டது. ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவனைப் பார்த்து நின்றார். "கையக் கழுவுய்யா," என்றார் ஏட்டு. "போவாதுங்க," என்றான் அவன். நான் அப்போதுதான் சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது. நான் மாற்றிச் சொல்லியிருந்தால், இரண்டு பாஷையும் தெரிந்த ஏட்டு அதைக் கவனித்திருப்பார்; அப்புறம் எங்கள் இருவரையும் யார் நம்பியிருப்பார்கள், அன்று அவன் வீடு திரும்பியிருப்பானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இவ்வளவு நடந்ததும் ராஜம்மாவுக்குத் தெரியாது. படம் பார்த்த மறுநாளே அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்குச் சூளூர்பேட்டை போய்விட்டார். திரும்பி வந்ததும் நான் நேராகப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தார் சுற்றுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"மொத நாளு நானும் உள்ளபடிதான்யா சொன்னேன். ரெண்டாம் நாளு பக்கத்துல ஏட்டு பொண்டாட்டி வந்து குந்திக்கிச்சி. புள்ளத்தாச்சி. தூக்குல தொங்குறான்னு அவ காதுல எப்டிய்யா சொல்றது? வாயில வந்துச்சி, பொம்மன்னுட்டேன். பொம்மன்னு சொல்லிட்டா அப்பால அவன எங்கியாவது கொண்டாந்து காட்டணுமில்ல? அந்தத் தாடிக்காரன் தோதா வந்தான்."

அது தப்பில்லையா என்று நான் கேட்டேன் பாருங்கள், அவ்வளவு நடந்த பிறகும்! ராஜம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கோர்ட்டுல சொல்ற மாதிரி நான் கொட்டாயில சொன்னா, ஒருத்தியும் டிக்கெட்டு வாங்கமாட்டா. ஏவண்டி, துன்னுட்டுப் போறியா?" என்றார். சோளக்களி போட்டார். தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

ஊரில் வெகுநாள் ஏகாம்பரத்தைப் பிடித்ததற்கு ஒரு பெரிய சதியைக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் இருக்கிற ஒருவர், ஐதராபாத்தில் இருக்கிற ஒருவர், நடுவில் தறி முதலாளி என்று. ரீல் மாற்றுகிற இருட்டில் வளர்ந்த மூளைகள் வேறெப்படி யோசிக்கும்? எனக்குத் தெரிந்து சதி ஒன்றும் இல்லை. ஓர் ஏட்டுக்கு அவசரம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உத்தியோகம் முழுவதும் கோர்ட்டிலேயே கழித்தவன் சொல்கிறேன்: சினிமாவில் வருகிற சதிகாரர்களை நான் அதிகம் பார்க்கவில்லை, அவசரக்காரர்களைத்தான் நிறையப் பார்த்தேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பக் கூண்டில் ஏறுகிறவர்களையும் சில பேரைப் பார்த்தேன். அவர்களை நம்பித்தான் இந்த வயது வரை நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஏட்டு வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் கட்ட ஏகாம்பரம் நெய்து கொண்டுபோய்க் கொடுத்த துணி வெள்ளை வெளேரென்று இருந்ததாகச் சொன்னார்கள். கையை எதில் சுற்றிக்கொண்டு நெய்தானோ!

பிறகு எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அழுதவர்களும் உண்டு, வெடி போட்டவர்களும் உண்டு; மறுநாள் இரண்டு கூட்டமும் ஒரே பஸ்ஸில் சந்தைக்குப் போயின. தாரில் குளித்த பலகை நின்ற இடத்தில் இப்போது அகல ரோடு, அதன்மேல் பச்சைப் பலகை. கொட்டாய் இருந்த மணலில் கல்யாண மண்டபம். மூங்கில் தட்டி எந்த அடுப்பில் எரிந்ததோ. பிறகு வந்த தியேட்டரில் மெஷின் இரண்டாகி, ரீல் மாற்றுகிற இருட்டு போயிற்று. இருட்டோடு அந்தச் சண்டைகளும் போயின. கோர்ட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் என் மாதிரி ஒருவன் நிற்பதில்லை. எங்கள் பிள்ளைகள் தெலுங்கிலேயே சாட்சி சொல்கிறார்கள். ராஜம்மா போயும் நெடுங்காலம் ஆகிவிட்டது. இப்போது படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்து தப்பே செய்வதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

திருப்பதி வீட்டில் வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெட்டியைத் தட்டுவதை விட்டுவிட்டுப் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பேத்தி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, அவனத் தூக்குல போட்ருவாங்களா?"

அந்தப் படத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. முடிவு எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை கூட்டாதவன்.

"மாட்டாங்கம்மா," என்றேன். "அந்த ஜெயிலர் இருக்கான் பாரு, அவன் ரொம்ப நல்லவன்."

அவள் சிரித்துக்கொண்டே தலையணையைச் சரிசெய்து சாய்ந்தாள். வைக்கோல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து நான் ஆரம்பித்தேன்.